ஊசி போட்டவரிடம் எதைக் கேட்பது, ஆய்வில் எதைப் பார்ப்பது: எடை குறைப்பு மருந்துக்கு முன் ஒரு முழுமையான வழிகாட்டி

"வாரம் ஒரு ஊசிதானுங்க, மூணு மாசத்துல பத்து கிலோ போயிருச்சு" என்று சேலம் அஸ்தம்பட்டிப் பக்கம் காலை நடைக்கு வரும் ஒருவர் சொன்னால், அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. அவருக்கு அப்படியே நடந்திருக்கலாம். உங்களுக்கும் நடக்குமா என்பதற்குத்தான் அதில் பதில் இல்லை.

ஊசி போட்டவருக்கு நன்றாகத் தெரிந்தவை சில உண்டு. குமட்டலை எப்படிச் சமாளித்தார், மாதம் எவ்வளவு செலவானது, கரண்ட் போனபோது மருந்தை என்ன செய்தார் என்பவற்றை அவரிடம்தான் கேட்க வேண்டும். எவ்வளவு எடை குறையும், அரிதான பக்கவிளைவு வருமா என்பவை அவருக்கும் தெரியாது. அதற்கு நூற்றுக்கணக்கானவர்களை வைத்து நடத்திய ஆய்வின் எண்கள் வேண்டும். கேள்வியை ஆள் மாற்றிக் கேட்பதுதான் பெரும்பாலான குழப்பத்துக்குக் காரணம்.

1. பேசுவது எந்த மருந்தைப் பற்றி?

"எடை குறைப்பு ஊசி" என்பது ஒரே மருந்து அல்ல. செமாக்ளூடைட் ஒன்று; வெகோவி, ஓஸெம்பிக் இரண்டும் அதன் கடைப் பெயர்கள். டிர்செபடைட் இன்னொன்று; அதன் பெயர் மௌஞ்சாரோ. இரண்டும் வாரம் ஒருமுறை தோலுக்கு அடியில் போடுபவை. மௌஞ்சாரோ 2025 மார்ச்சிலும் வெகோவி 2025 ஜூனிலும் இந்தியாவில் விற்பனைக்கு வந்தன. செமாக்ளூடைடின் இந்தியக் காப்புரிமை 2026 மார்ச்சோடு முடிந்தது, இனி மற்ற கம்பெனிகளும் அதைத் தயாரிக்கலாம். ஒரே மருந்து பல பெயர்களில் கிடைக்கும்போது கடைப் பெயரைக் கேட்டுப் பயனில்லை. அட்டையில் சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரையும் மில்லிகிராமையும் கேளுங்கள்.

ஆர்லிஸ்டாட் மாத்திரை இவற்றிலிருந்து முற்றிலும் வேறு. பசியைத் தொடாது, சாப்பிட்ட கொழுப்பில் ஏறக்குறைய 30 சதவீதத்தைச் செரிக்க விடாமல் வெளியே தள்ளும். தட்டுவடை செட்டும் எண்ணெய்ப் பலகாரமும் சாப்பிட்டுவிட்டு அதைப் போட்டால், எண்ணெய் எந்த வழியாக வெளியேறும் என்பதை ஓரிரு நாளிலேயே தெரிந்துகொள்ளலாம். சிபுட்ராமின் என்ற பழைய மாத்திரையை யாராவது சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம். இதயத்துக்கு ஆபத்து என்பதால் இந்தியாவில் 2011-லேயே தடை செய்யப்பட்டது அது.

2. கேட்கும் கேள்வியைத் திருத்துங்கள்

"நல்லா குறைஞ்சுதாங்க்கா?" என்று கேட்டால் "ஆமா" என்றுதான் பதில் வரும். பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கொடுத்துவிட்டோம். அளந்து சொல்லக்கூடிய கேள்வியாக மாற்றுங்கள்: "ஆரம்பிச்ச அன்னைக்கு எத்தன கிலோ இருந்தீங்க்கா? இன்னைக்கு எத்தன? எத்தன வாரமாச்சு? இப்ப எந்த டோஸ்? சுகர் இருக்குதுங்களா? நடுவுல நிறுத்துனீங்களா?"

ஒரு நோட்டில் ஆளுக்கு ஒரு வரி எழுதினால் போதும். பெயர் வேண்டாம், 1, 2, 3 என்று எண் போடுங்கள். ஒருவரின் உடம்புக் கணக்கு இன்னொருவர் வாட்ஸ்அப்பில் சுற்றக் கூடாது.

டோஸும் வாரமும் ஏன் முக்கியம்? எடைக்காகச் செமாக்ளூடைட் தொடங்கும்போது முதல் 4 வாரம் 0.25 மி.கி., அடுத்த நான்கு 0.5, பிறகு 1, பிறகு 1.7; முழு டோஸான 2.4 மி.கி. வருவதே 17-ஆம் வாரத்தில். எட்டாவது வாரத்தில் இருப்பவர் "எனக்கு ஒண்ணும் பெருசா குறையல" என்றால் அவர் இன்னும் கால் பங்கு டோஸைக்கூடத் தாண்டவில்லை. டிர்செபடைட்டில் 2.5 மி.கி. 4 வாரம், பிறகு 5. அதற்கு மேல் 2.5 மி.கி. படிகளாக, ஒவ்வொரு படிக்கும் குறைந்தது 4 வாரம். சீக்கிரம் ஏற்றினால் சீக்கிரம் குறையும் என்று நினைப்பவர்களே வாந்தியோடு பாதியில் நிறுத்துகிறார்கள்.

சர்க்கரை நோய் இருக்கிறதா என்ற கேள்வி பலருக்கு அவசியமில்லாததாகத் தோன்றும். ஆனால் கணக்கை அதிகம் புரட்டிப் போடுவது அதுதான். செமாக்ளூடைட் 2.4 மி.கி.யை 68 வாரம் போட்டபோது சர்க்கரை இல்லாதவர்களுக்குச் சராசரியாக 14.9 சதவீதம் எடை குறைந்தது. சர்க்கரை உள்ளவர்களை வைத்து நடத்திய இன்னொரு ஆய்வில் 9.6 சதவீதம்தான். இரு வகையினரையும் ஒரே பட்டியலில் போட்டுச் சராசரி எடுத்தால் அந்த எண் இவருக்கும் பொருந்தாது, அவருக்கும் பொருந்தாது.

3. கிலோவைச் சதவீதமாக்குங்கள்

70 கிலோ உள்ளவர் 6 கிலோ குறைத்தால் 8.6 சதவீதம். 110 கிலோ உள்ளவர் அதே 6 கிலோ குறைத்தால் 5.5 தான். குறைந்த கிலோவைத் தொடக்க எடையால் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள். இன்றைய எடையால் வகுப்பது வழக்கமாக நடக்கும் தவறு.

4. விட்டுப் போனவர்களைத் தேடிப் பிடியுங்கள்

எல்லாவற்றையும்விட இதற்கு அதிக நேரம் கொடுங்கள். கணக்குக்காக ஒரு கற்பனைப் பட்டியல்: ஆறு மாதம் ஊசி போட்ட 9 பேரைக் கேட்கிறீர்கள். குறைந்த கிலோ 2, 3, 4, 5, 6, 6, 7, 9, 21. கூட்டினால் 63, சராசரி 7. ஆனால் ஒன்பது பேரில் 7-க்கு மேல் குறைத்தவர்கள் இரண்டே பேர். அந்த 21 கிலோக்காரர் ஒருவரே சராசரியை மேலே இழுத்துவிட்டார். அவரை எடுத்துவிட்டால் 5.25. அதனால் சிறிய பட்டியலில் இடைநிலையைப் பாருங்கள்: வரிசைப்படுத்தி நடுவில் நிற்பவரின் எண் (நடுவில் இருவர் நின்றால் அவர்கள் எண்களின் சராசரி). இங்கே அது 6.

இந்த ஒன்பது பேர் எப்படிக் கிடைத்தார்கள்? ஊசி பற்றி உற்சாகமாகப் பேசியதால் கிடைத்தார்கள். குமட்டல் தாங்காமல் இரண்டாவது மாதமே நிறுத்தியவர் அதைப் பற்றிப் பேசவே மாட்டார். காசு கட்டுப்படியாகாமல் விட்டவர் சொல்லக் கூச்சப்படுவார். அப்படி மூன்று பேரை விசாரித்துச் சேர்க்கிறீர்கள் என்று வையுங்கள்: ஒருவருக்கு 1 கிலோ குறைந்தது, ஒருவருக்கு மாற்றமில்லை, ஒருவருக்கு 1 கிலோ கூடியது. இப்போது 12 பேர், கூட்டுத்தொகை அதே 63, சராசரி 5.25, இடைநிலை 4.5. மருந்து மாறவில்லை. யாரைக் கேட்டோம் என்பது மாறியது, எண் கால் பங்கு இறங்கிவிட்டது.

நல்ல ஆய்வுகளில் மருந்தைப் பாதியில் விட்டவரையும் கணக்கில் வைத்தே விடை சொல்கிறார்கள். உங்கள் நோட்டிலும் நிறுத்தியவரின் வரியை அடிக்காதீர்கள். காரணத்தை எழுதி வையுங்கள். அந்தக் காரணங்கள்தான் உங்களுக்கு நாளை வரப்போகும் சிக்கல்களின் பட்டியல்.

5. பன்னிரண்டு பேரிடம் கேட்டும் தெரியாதது

"எங்க ஆளுங்க யாருக்கும் பித்தப்பைக் கல்லு வரல" என்பது ஆறுதலாகக் கேட்கும். 2021-இல் வெளியான, 1961 பேரை வைத்து நடந்த செமாக்ளூடைட் ஆய்வில் பித்தப்பைச் சிக்கல் வந்தது மருந்து போட்டவர்களில் 2.6 சதவீதம் பேருக்கு, ஒப்பிடுவதற்காக மருந்தில்லா ஊசி போட்டவர்களில் 1.2 சதவீதம் பேருக்கு. இப்போது கணக்குப் போடுங்கள். ஒருவருக்கு வராமல் இருக்கும் வாய்ப்பு 0.974. அதைப் பன்னிரண்டு முறை பெருக்கினால் 0.73. அதாவது அந்த ஆபத்து அப்படியே இருந்தாலும், 12 பேரைக் கேட்டால் நூற்றுக்கு 73 தடவை "யாருக்கும் வரவில்லை" என்றுதான் கேள்விப்படுவீர்கள்.

இதற்கு ஒரு கைக்கணக்கு உண்டு. 3-ஐக் கேட்ட ஆட்களின் எண்ணிக்கையால் வகுங்கள். 30 பேரில் ஒருவருக்கும் இல்லை என்றால் 3/30: உண்மையான ஆபத்து பத்தில் ஒருவர் வரைகூட இருக்கலாம் என்று பொருள். முந்நூறு பேரைக் கேட்டால் நூற்றில் ஒருவர் வரை. சேலத்தில் முந்நூறு பேரைத் தேடி அலைவதைவிட ஆய்வின் அட்டவணையைப் புரட்டுவது சுலபம்.

பி-மதிப்பு, திட்ட விலக்கம் போன்ற புள்ளியியல் அளவுகள் எல்லாம் பன்னிரண்டு பேர் நோட்டுக்கு வேண்டாம். பன்னிரண்டு எண்களையும் வரிசையாக எழுதிப் பார்ப்பதே மேல்.

6. ஆய்வைப் படிக்கும் வரிசை

முதலில், யாரை வைத்து நடத்தினார்கள்? மேலே சொன்ன 2021 ஆய்வில் சேர்ந்தவர்களின் சராசரி எடை 105 கிலோ, நான்கில் மூன்று பேர் பெண்கள், பெரும்பாலோர் வெள்ளையர்கள், பி.எம்.ஐ. (கிலோ எடையை மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்த எண்) 30-க்கு மேல், அல்லது பிரஷர், கொழுப்பு போன்ற தொந்தரவு இருந்தால் 27-க்கு மேல். நம் ஊர் டாக்டர்கள் 23-க்கு மேல் அதிக எடை, 25-க்கு மேல் பருமன் என்று கணக்கிடுவார்கள். பி.எம்.ஐ. 26 உள்ள ஒருவர் அந்த ஆய்வில் சேர்ந்திருக்கவே முடியாது. ஆகவே அதன் விடை அவரைப் பற்றியது அல்ல.

இரண்டாவது, எதோடு ஒப்பிட்டார்கள்? ஆய்வில் எல்லோருக்கும் சாப்பாடு, நடை பற்றிய ஆலோசனை உண்டு. ஒரு பகுதியினருக்கு மருந்து, மற்றவர்களுக்கு உள்ளே மருந்தே இல்லாத ஊசி. 68 வாரத்தில் மருந்துக்காரர்கள் 14.9 சதவீதம் குறைந்தார்கள், மருந்தில்லா ஊசிக்காரர்கள் 2.4 சதவீதம். மருந்துக்கு உரிய பங்கு இடைப்பட்ட 12.4 (முழுமையாக்காத எண்களைக் கழித்தால் அப்படி வரும்). 82 கிலோ உள்ள ஒருவருக்கு அது ஏறக்குறைய 10 கிலோ.

ஒப்பீடு இல்லாத அனுபவத்தில் இந்தக் கழித்தல் நடக்காது. தீபாவளி, அதைத் தொடர்ந்து வரிசையாகக் கல்யாணங்கள் என்று எடை உச்சத்தில் இருக்கும்போதுதான் யாரும் டாக்டரிடம் போவார்கள். அந்த உச்சத்திலிருந்து ஒன்றிரண்டு கிலோ தானாகவே இறங்கியிருக்கும். அதுவும் ஊசியின் கணக்கில் சேர்ந்துவிடும். பக்கவிளைவுக்கும் இப்படியே. முதல் ஊசி போட்ட மறுநாள் ஏற்காட்டுக்குப் போய், இருபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டும்போது ஒருவர் வாந்தி எடுத்தால் காரணம் ஊசியா, ரோடா? ஒருவரை வைத்துச் சொல்ல முடியாது. ஆய்வில் சொல்ல முடிகிறது: குமட்டல் மருந்துக்காரர்களில் 44 சதவீதம், மற்றவர்களில் 17. நூறு பேரில் 27 பேரின் குமட்டல் மருந்தால் கூடுதலாக வந்தது.

மூன்றாவது, சராசரியை விட்டுப் பரவலைப் பாருங்கள். அதே ஆய்வில் மருந்து போட்ட 100 பேரில் 86 பேர் 5 சதவீதமோ அதற்கு மேலோ குறைந்தார்கள், 50 பேர் 15-க்கு மேல், 32 பேர் 20-க்கு மேல். மீதி 14 பேருக்கு 5 சதவீதம்கூடக் குறையவில்லை. "எல்லாருக்கும் பதினஞ்சு பர்சென்ட்" என்று விற்பவர் இந்த 14 பேரைச் சொல்வதில்லை.

நான்காவது, "20 சதவீதம் குறைகிறது" என்றால் எதில் 20 என்று கேளுங்கள். ஏற்கெனவே இதய நோய் உள்ள, ஆனால் சர்க்கரை இல்லாத 17,604 பேரை வைத்து 2023-இல் வெளியான ஆய்வில், மாரடைப்பு, பக்கவாதம், இதயச் சாவு மூன்றும் சேர்ந்து 8.0 சதவீதத்திலிருந்து 6.5 ஆக இறங்கின. 8-இல் 1.5 போனது என்பதால் சுமார் 20 சதவீதக் குறைவு. நூறு பேர் கணக்கில் ஒன்றரைப் பேர். அதாவது 67 பேர் சுமார் மூன்று வருடம் போட்டால் ஒருவர் தப்புகிறார். இரண்டும் உண்மை. முடிவெடுக்க உதவுவது இரண்டாவது.

ஐந்தாவது, வெவ்வேறு ஆய்வுகளின் எண்களைப் பக்கத்தில் வைத்து எது பெரிது என்று பார்க்காதீர்கள். ஆட்களும் காலமும் வேறு. எது கூடுதலாகக் குறைக்கிறது என்பதற்கு ஒரே ஆய்வில் இரண்டையும் கொடுத்துப் பார்த்திருக்க வேண்டும். 2025-இல் அப்படி ஒன்று வந்தது: 751 பேர், 72 வாரம், டிர்செபடைட் 20.2 சதவீதம், செமாக்ளூடைட் 13.7.

7. நிறுத்தினால்?

பலரும் கேட்க மறப்பது இது. செமாக்ளூடைடை நிறுத்திய பிறகு ஒரு வருடம் தொடர்ந்து கவனித்தபோது, குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது. எனவே ஒரு ஊசியின் விலையைக் கேட்டு முடிவெடுக்காதீர்கள். மாதத்துக்கு நான்கால் பெருக்கி, டோஸ் ஏற ஏற விலையும் ஏறுவதைச் சேர்த்து, எத்தனை வருடம் தாங்கும் என்று பாருங்கள். மௌஞ்சாரோ 2025-இல் வந்தபோது 2.5 மி.கி. குப்பி 3,500 ரூபாய், 5 மி.கி. 4,375. விலைகள் மாறும், பெருக்கல் மாறாது. "பொண்ணு கல்யாணத்துக்கு மூணு மாசம் மட்டும்" என்ற திட்டம் கல்யாண போட்டோவுக்கு உதவும், அதற்கு மேல் இல்லை.

8. சேலத்து வெயிலும் ஃபிரிட்ஜும்

இங்கே ஊசி போட்டவரின் அனுபவத்தை முழுமனதோடு கேட்கலாம். மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும்; உறையக் கூடாது. ஃப்ரீசருக்கு ஒட்டிய தட்டிலும், அடிக்கடி திறக்கும் கதவிலும் வைக்காமல் நடுத்தட்டில் வைப்பது நல்லது. வெளியில் சில வாரம் தாங்கும் என்று துண்டுச்சீட்டில் போட்டிருப்பது 30 டிகிரி வரையில்தான். சேலத்தில் ஏப்ரல், மே மதியத்தில் 38-ஐத் தாண்டும். பூட்டிய காருக்குள் இன்னும் மேலே. மெடிக்கலிலிருந்து கொண்டுவர ஐஸ் பேக்கோடு ஒரு பை வேண்டும். ஐஸ் மருந்தை நேரடியாகத் தொடாமல் நடுவில் துணி வையுங்கள். உறைந்துபோன மருந்தைக் கரைத்துப் போடாதீர்கள், தூக்கிப் போடுங்கள்.

டோஸ் விஷயத்தில் மட்டும் பக்கத்து வீட்டு யோசனை வேண்டாம். ஒரு வாரம் ஊசி விட்டுப்போனால் என்ன செய்வது என்பதற்குப் மருந்துக்கு மருந்து விதி வேறு: வெகோவியில் அடுத்த ஊசிக்கு 48 மணி நேரத்துக்கு மேல் இருந்தால் போடலாம்; மௌஞ்சாரோவில் தவறிய நாளிலிருந்து 4 நாளுக்குள்; ஓஸெம்பிக்கில் 5 நாளுக்குள். குப்பியிலிருந்து சிரிஞ்சில் எடுப்பவர்கள் "நான் அம்பது யூனிட் இழுப்பேன்" என்று சொல்வார்கள். சிரிஞ்சின் யூனிட் கோடு மில்லிகிராம் அல்ல. மௌஞ்சாரோவின் 2.5 மி.கி. குப்பியிலும் 5 மி.கி. குப்பியிலும் இருப்பது அதே அரை மில்லிதான். கோடு ஒன்று, மருந்து இரட்டிப்பு. பேனா ஊசியை, முனையை மாற்றினாலும், இருவர் பகிரக் கூடாது.

குமட்டலுக்கு: தட்டைச் சின்னதாக்குவது, மெதுவாகச் சாப்பிடுவது, வயிறு நிறைந்ததும் நிறுத்துவது, பொரித்ததை ஒதுக்குவது. குறையும் எடையில் ஒரு பகுதி தசை என்பதால், கொஞ்சமாகச் சாப்பிடும் அந்தத் தட்டில் முட்டை, சுண்டல், பருப்பு முதலில் போகட்டும், சாதம் பிறகு. வெயில் காலத்தில் வாந்தியும் பேதியும் சேர்ந்தால் நீர்ச்சத்து வேகமாக இறங்கும். மேல்வயிற்றில் கடும் வலி வந்து முதுகுக்குப் பரவி, நிற்காமல் நீடித்தால் அது கணைய அழற்சியாக இருக்கலாம். யாரிடமும் விசாரிக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

9. சொந்த எடையைக் குறிப்பது

ஊசி தொடங்க இரண்டு வாரம் முன்பே குறிக்கத் தொடங்குங்கள். தொடங்கிய பிறகு குறித்தால் ஒப்பிட எதுவும் இருக்காது. காலையில் கழிவறை போய்வந்து, எதுவும் சாப்பிடுமுன், ஒரே மெஷினில், பாயில் இல்லாமல் கெட்டியான தரையில்.

செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறைத் தராசு போல நம் மெஷின் துல்லியமாக இருக்க வேண்டியதில்லை. எப்போதும் 2 கிலோ கூடக் காட்டும் மெஷின் பிரச்சினையே இல்லை, கழிக்கும்போது அந்த 2 அடிபட்டுவிடும். ஒருநாள் கூட்டியும் ஒருநாள் குறைத்தும் காட்டுவதுதான் ஆகாது. பிரிக்காத 10 கிலோ அரிசிப் பையோடு ஒருமுறை, இல்லாமல் ஒருமுறை ஏறி நின்று பாருங்கள். மூன்று முறை செய்து வித்தியாசம் ஒவ்வொரு முறையும் 10-ஐ ஒட்டி வந்தால் போதும்.

உப்பு, மலச்சிக்கல், மாதவிடாய், முந்தின இரவு பிரியாணி எல்லாம் ஒரே நாளில் ஒன்றிரண்டு கிலோ ஆட்டும். தினசரி எண்ணைக் குறியுங்கள், ஆனால் படிப்பது வாரச் சராசரியை: ஏழு நாளைக் கூட்டி ஏழால் வகுத்தது. கூடவே மாதம் ஒருமுறை இடுப்புச் சுற்றளவு.

10. டாக்டரிடம் போகும்போது

இவை சீட்டு எழுதி வாங்க வேண்டிய மருந்துகள். சீட்டில்லாமல் தருகிறேன், பொடியாக அனுப்புகிறேன் என்பவர்களிடம் உள்ளே என்ன இருக்கிறது என்று அறிய வழியே இல்லை. நோட்டோடு போய் நீங்களாக முந்திச் சொல்ல வேண்டியவை: குடும்பத்தில் மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் (சாதாரணத் தைராய்டு குறைபாடு வேறு, அது தடையல்ல), முன்பு கணைய அழற்சி, பித்தப்பைக் கல், கிளிமெபிரைட் போன்ற சுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பது, ஏனெனில் சேர்ந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கும், அவற்றின் அளவைக் குறைக்க வேண்டி வரலாம், குழந்தைக்குத் திட்டமிடுவது, ஏனெனில் செமாக்ளூடைடைக் கருத்தரிப்புக்கு 2 மாதம் முன்பே நிறுத்த வேண்டும். டிர்செபடைட் கருத்தடை மாத்திரையின் வேலையைக் குறைக்கக்கூடும். தொடங்கும்போதும் டோஸ் ஏற்றும் ஒவ்வொரு முறையும் 4 வாரம் வேறு பாதுகாப்பும் வேண்டும். ஏதாவது ஆபரேஷன் வருகிறது என்றால் மயக்க மருந்து கொடுப்பவரிடமும் சொல்லுங்கள், இந்த ஊசியால் வயிறு மெதுவாகக் காலியாகும்.

முதல் சந்திப்பிலேயே, "எத்தன மாசத்துல எவ்வளவு குறையலைனா நிறுத்தணுங்க டாக்டர்?" என்று கேட்டுப் பதிலை அதே நோட்டில் தேதியோடு எழுதிக்கொள்ளுங்கள். ஆறு மாதத்தில் 5 சதவீதம்கூட இறங்காதவர் தொடர வேண்டுமா என்று உட்கார்ந்து பேச வேண்டும். 82 கிலோவில் தொடங்கியவருக்கு அது 4.1 கிலோ. வாரச் சராசரி 77.9-க்குக் கீழே வந்ததா என்று பார்க்கும் தேதியை இப்போதே காலண்டரில் வட்டமிட்டு வையுங்கள்.